காணாமற்போன இரவு அங்கி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். துப்பறியும் கதைகளைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் குறிப்புகளில் ஒன்றில், பிரிட்டனின் ஐடிவி நிறுவனம் 2011இல் ஒளிபரப்பிய ‘த சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்’ என்ற தொலைக்காட்சிப் படத்தைத் தவறாமல் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். சென்ற வாரம் குடும்பத்துடன் பார்த்தோம். விக்டோரியா காலத்து வீடு, உடைகள், விளக்கொளி, விச்சராக வரும் பாடி கன்சிடைனின் நடிப்பு ஆகியவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் படம் முடிந்தபோது எங்கள் எல்லோருக்கும் ஏமாற்றமாகவே இருந்தது.

1860இல் ஒரு கனவானின் வீட்டில் நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தை கொல்லப்படுகிறது. லண்டனிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் விச்சர், குழந்தையின் மாற்றாந்தாய்ச் சகோதரியான கான்ஸ்டன்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண்மீது சந்தேகம் கொள்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம், அவளுடைய இரவு அங்கி ஒன்று காணவில்லை என்பது மட்டுமே. என் மாமனார் நீதித்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்தப் பெண்ணை விடுவித்த மாஜிஸ்திரேட்டுகளின் இருக்கையில் தாம் இருந்தாலும் அவளை விடுவித்திருப்பேன் என்றார். அப்படியிருக்க, விச்சருக்கு நேர்ந்த அவமானத்துக்கு அவரே காரணம் என்றல்லவா சொல்லவேண்டும்? படமோ, அவர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் என்பதால்தான் எல்லோரும் அவரை மிதித்தார்கள் என்பதுபோலக் காட்டுகிறது. இன்றைய வர்க்க அரசியலை அன்றைய காலத்தின்மேல் ஏற்றிச் சொல்வதாக இது எனக்குப் பட்டது.

அடுத்ததாக, ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்வது. துப்பறிபவரால் நிரூபிக்க முடியாததைக் குற்றவாளியே முன்வந்து சொல்லிவிட்டால், துப்பறியும் கதைக்கு என்னதான் மிச்சம்? எழுதியவர்கள் கதையை முடிக்க வழி தெரியாமல் செய்த ஏற்பாடாகவே அது தோன்றியது.

இதே விச்சரை வைத்து மேலும் மூன்று படங்கள் வந்திருப்பதாக அறிந்தேன். அவற்றைப் பார்க்கலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்குப் பதில் சுருக்கமானது. கான்ஸ்டன்ஸ் கென்ட் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டது படத்தை எழுதியவர்களின் கற்பனை அன்று. 1865 ஏப்ரல் 25 அன்று லண்டனின் போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் அது நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பிரான்சில் ஒரு கன்னிமாடப் பள்ளியிலும், பிறகு பிரைட்டன் நகரில் ஆர்தர் வாக்னர் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியாரின் ஆதரவில் இயங்கிய விடுதியிலும் இருந்தார். அந்தப் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக்காகச் சொன்னதைத்தான் பின்னர் நீதிமன்றத்திலும் சொன்னார். ஜூலையில் சாலிஸ்பரியில் வழக்கு நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விசாரணை நீளவில்லை, மரண தண்டனை விதிக்கப்பட்டு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் சிறையிலிருந்து 1885இல் வெளியே வந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போய், ரூத் எமிலி கே என்ற பெயரில் செவிலியராக வாழ்ந்து, 1944இல் நூறாவது வயதில் இறந்தார். ஒரு திரைக்கதை ஆசிரியர் இதைச் சொந்தமாக எழுதிக் கொண்டுபோயிருந்தால் தயாரிப்பாளர் நம்பகத்தன்மை இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆனால் நீங்கள் கேட்பதன் உட்பொருள் வேறு என்பது எனக்குத் தெரிகிறது. உண்மையாகவே நடந்திருந்தாலும், அது கதைக்கு நல்ல முடிவுதானா என்று கேட்கிறீர்கள். துப்பறியும் கதைக்கு நல்ல முடிவு அன்று என்பதே என் பதிலும். கேட் சம்மர்ஸ்கேல் 2008இல் வெளியிட்ட வரலாற்று நூலிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படம், கொலை செய்தது யார் என்பதை ஒளித்துவைத்துப் பார்வையாளரைக் கடைசிவரை அலைக்கழிக்க முயலவே இல்லை. உண்மை தெரிந்த ஒருவரால் அதை ஏன் சொல்ல முடியவில்லை, சொன்னபோது ஏன் எவரும் கேட்கவில்லை என்பதில்தான் அதன் கவனம் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டு பார்த்தால், நீங்கள் பலவீனமான ஆதாரம் என்று தள்ளிவிடும் அந்த இரவு அங்கிதான் படத்தின் உயிர்நிலை என்பது புலப்படும். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வில்ட்ஷயர், சாமர்செட் மாவட்டங்கள் சந்திக்கும் எல்லையில் ரோடு என்ற கிராமம். அங்கே மூன்று தளங்கள் கொண்ட ரோடு ஹில் ஹவுஸ். குடும்பத் தலைவர் சாமுவேல் கென்ட் அரசாங்கத்தில் தொழிற்சாலைகளின் துணை ஆய்வாளர். முதல் மனைவி மனநலம் குன்றியவர் என்று பேசப்பட்டவர். அவர் உயிரோடு இருந்தபோதே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த மேரி பிராட் என்ற ஆசிரியை, அவர் இறந்த பிறகு இரண்டாவது மனைவியானார். அந்த வீட்டில் கென்ட் தம்பதியும் இரண்டாம் தாரத்தின் குழந்தைகளும் நடுத்தளத்தில் உறங்கினார்கள். முதல் தாரத்தின் பிள்ளைகளான இரண்டு மூத்த பெண்களும், கான்ஸ்டன்ஸும், அவளுடைய தம்பி வில்லியமும் மேல்தளத்தில், சமையற்காரியும் வேலைக்காரியும் உறங்கிய அதே தளத்தில் உறங்கினார்கள். இந்த ஏற்பாட்டை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒவ்வோர் இரவும் மாடிப்படி ஏறும்போது தன் இடம் எது என்பது அந்தப் பெண்ணுக்கு நினைவூட்டப்பட்டது. 1856இலேயே அவளும் தம்பியும் வீட்டைவிட்டு ஓடிப்போக முயன்றிருக்கிறார்கள். அவள் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு ஆண்பிள்ளை உடையில் பாத் நகரம்வரை நடந்து போனாள். வெட்டிய முடியை எறிந்த இடம், தோட்டத்தில் வேலைக்காரர்களுக்கென்று இருந்த கழிப்பிடத்தின் குழி.

1860 ஜூன் 30, சனிக்கிழமை காலை, கம்பளியில் சுற்றப்பட்ட குழந்தை சாவிலின் உடல் அதே குழியில்தான் கிடைத்தது. கழுத்து அறுக்கப்பட்டிருந்தது, மார்பிலும் ஒரு குத்து. ஆயாவின் அறையில், கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை. தாய்தான் தூக்கிப் போயிருப்பார் என்று எண்ணிவிட்டேன் என்றார் எலிசபெத் காஃப் என்ற அந்த ஆயா. தாயோ அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. வரவேற்பறைச் சன்னல் திறந்து கிடந்தது. உள்ளூர்க் காவல்துறை ஆயாவைக் கைது செய்தது, பிறகு விட்டது. இரண்டு வாரங்கள் இப்படிக் கழிந்த பின்னர்தான் மாஜிஸ்திரேட்டுகளின் வேண்டுகோளின்படி ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜொனாதன் விச்சர் அனுப்பப்படுகிறார். 1842இல் எட்டே பேருடன் தொடங்கப்பட்ட துப்பறியும் பிரிவின் முதல் உறுப்பினர்களில் ஒருவர் அவர். ஒரு தோட்டக்காரரின் மகன்.

இப்போது உங்கள் மாமனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் சட்டப்படி பிழையில்லை. ஆனால் வந்தவருக்கு என்ன கிடைக்கக்கூடும் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். கைரேகைப் பிரிவு ஸ்காட்லாந்து யார்டில் தொடங்கப்பட்டது 1901இல். ஒரு கறை மனித ரத்தமா, கோழி ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனையும் அதே 1901இல்தான் ஜெர்மனியில் வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் முதன்முதலாக நம்மைச் சந்திக்கும்போதே அப்படியொரு சோதனையைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிக்கிறார் என்றால், அது எழுத்தாளரின் ஆசை. ஆய்வுக்கூடத்தின் உண்மை அன்று. நாம் இந்தக் காலப் படங்களைப் பார்க்கும்போது ஹோம்ஸின் கண்ணாடியை மாட்டிக்கொண்டே பார்க்கிறோம். உருப்பெருக்கி எங்கே, சாம்பல் எங்கே என்று தேடுகிறோம். விச்சருக்கு முன்னால் இருந்தவை மனிதர்களின் பேச்சும் அவர்களுடைய அன்றாட வழக்கங்களும் மட்டுமே. உடல் அடக்கம் செய்யப்பட்டுவிட்டது. வீடு கழுவித் துடைக்கப்பட்டுவிட்டது. அதற்குள் இரண்டு வார மௌனத்தில் ஒவ்வொருவரும் தமது கதையைச் செப்பனிட்டுக்கொண்டும் விட்டார்கள்.

கான்ஸ்டன்ஸின் அறையில் விச்சர் துணிமணிப் பட்டியலைக் கேட்டு வாங்கி எண்ணிப்பார்க்கிறார். பட்டியலில் மூன்று இரவு அங்கிகள், இருப்பவை இரண்டு. மூன்றாவது எங்கே என்று கேட்டதும், சலவைக்குப் போனதில் தொலைந்துவிட்டது என்கிறாள் அந்தப் பெண். கொலை நடந்த பின் வந்த திங்கட்கிழமை, வீட்டு அழுக்குத் துணிகளைக் கூடையில் அடுக்கியவள் சாரா காக்ஸ் என்ற வேலைக்காரி. கான்ஸ்டன்ஸின் இரவு அங்கியைத் தான் கூடையில் போட்டது உறுதி என்கிறாள் அவள். கூடையைப் பெற்றுக்கொண்ட சலவைக்காரி திருமதி ஹாலியோ, அப்படியோர் அங்கி வந்து சேரவே இல்லை என்கிறாள். ஊரார் கண்ணுக்கு இது இரண்டு வேலைக்காரப் பெண்களுக்கு இடையிலான கணக்குத் தகராறு. காவலர்கள் சலவைக்காரியின் குடிசையைப் போய்ச் சோதனை போட்டார்கள். எசமானர் வீட்டில் ஒரு பொருள் குறைந்தால் முதலில் எந்த வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

விச்சர் இரண்டு பெண்களின் பேச்சையும் நம்பினார். அவருடைய கூர்மை முழுவதும் இந்த ஓரிடத்தில் இருக்கிறது என்பேன். இருவரும் உண்மை சொல்கிறார்கள் என்றால், அங்கி கூடைக்குள் போனதும் உண்மை, கூடை வீட்டைவிட்டுப் போகும்போது அதில் அங்கி இல்லாததும் உண்மை. இடையில் என்ன நடந்தது என்று சாரா காக்ஸிடம் மீண்டும் கேட்கிறார். துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மிஸ் கான்ஸ்டன்ஸ் வந்ததாகவும், தன் உள்பாவாடைப் பையில் பணப்பை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதாகவும், பிறகு குடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரும்படி கேட்டதாகவும் அவள் சொல்கிறாள். கீழே இறங்கிப்போய்த் தண்ணீரோடு திரும்பிவர ஆன நேரம் மிகக் கொஞ்சம்.

அந்தக் கொஞ்ச நேரத்தில், முறைப்படி கணக்கில் ஏறிவிட்ட ஒரு கறையில்லாத அங்கியைக் கான்ஸ்டன்ஸ் கூடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள் என்பது விச்சரின் முடிவு. கொலையின்போது அணிந்திருந்த கறைபட்ட அங்கியை அவள் அழித்தாக வேண்டும். அழித்தால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். அந்தக் குறைவைச் சலவைக்காரியின் தலையில் கட்டிவிட்டால் தீர்ந்தது. எவ்வளவு எளிய, எவ்வளவு கச்சிதமான திட்டம் பாருங்கள். ஒரு வேலைக்காரி சின்ன எசமானி தண்ணீர் கேட்டால் மறுக்கமாட்டாள், ஏன் என்று கேட்கமாட்டாள், மறுநாள் அது அவள் நினைவிலும் தங்காது என்பதன்மேல் அத்திட்டம் நிற்கிறது. மேல்தளத்தில் வேலைக்காரர்களோடு வளர்ந்த பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. வேலை செய்து பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த விச்சருக்கும் தெரிந்திருந்தது. விசாரணை மேசையின் முன் அமர்ந்திருந்த கனவான்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் தம்ளர்களைப் பெற்றுக்கொண்டவர்கள்.

இன்றைய வர்க்க அரசியலை ஏற்றிச் சொல்கிறார்கள் என்ற உங்கள் குற்றச்சாட்டை இந்த இடத்தில்தான் மறுக்கிறேன். விச்சர் தோட்டக்காரர் மகன் என்பதால் அவரை ஊர் வெறுத்தது என்று மட்டும் படம் சொல்லியிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் சலித்துக்கொண்டிருப்பேன். அவர் கண்டுபிடித்தவற்றின் தன்மையே வர்க்கம் சார்ந்ததாக இருந்தது. அவருடைய சாட்சிகள் ஒரு வேலைக்காரி, ஒரு சலவைக்காரி, பள்ளித் தோழியர் சிலர். அவருடைய சான்றுப்பொருள், வெளியாள் ஒருவன் வாய்விட்டுச் சொல்லவே கூசவேண்டிய, ஒரு கனவானின் மகளுடைய படுக்கையறை உடை. ஆங்கிலேயனின் வீடு அவனுடைய கோட்டை என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த நாட்டில், கூலி வாங்கும் ஒருவர் அந்தக் கோட்டையின் துணிக்கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிறார். கான்ஸ்டன்ஸுக்காக வாதாடிய வழக்கறிஞர் பீட்டர் எட்லின், காணாமற்போன ஓர் இரவு அங்கியை வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண்ணைச் சிறைக்கு இழுத்துப்போன கொடுமையைப் பற்றி முழங்கியபோது, கிராமத்து மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். கான்ஸ்டன்ஸ் ஜாமீனில் வீட்டுக்குப் போனாள். விச்சர் லண்டனுக்குத் திரும்பினார்.

விச்சர் அவசரப்பட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. வந்து ஒரு வாரம் ஆவதற்குள் கைது செய்தார். சிறையில் சில நாட்கள் இருந்தால் அந்தப் பெண் மனம் உடைந்து சொல்லிவிடுவாள் என்றும், அதற்குள் அங்கி அகப்பட்டுவிடும் என்றும் எதிர்பார்த்தார், இரண்டும் நடக்கவில்லை. நண்பர்கள் சிலர் அவரைத் தியாகி ஆக்கிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவருடைய தோல்விக்கு அவரே காரணம் என்று நீங்கள் முடிவு கட்டுவதற்கு முன், அவருக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட இன்னொரு துணியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல் கண்டெடுக்கப்பட்ட அன்றே உள்ளூர்க் காவலர்கள் சமையற்கட்டுக் கொதிகலனின் அடுப்புத் துளைக்குள் ரத்தக்கறை படிந்த ஒரு பெண் உள்ளாடையைக் கண்டெடுத்திருந்தார்கள். சூப்பரின்டெண்டெண்ட் ஃபோலியின் ஆட்கள் அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, அதற்கு உரியவள் இரவில் எடுக்க வரும்போது பிடித்துவிடலாம் என்று காத்திருந்தார்கள். காத்திருக்க அனுப்பப்பட்ட இரண்டு காவலர்களையும் சாமுவேல் கென்ட் சமையலறைக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பொழுது விடிந்தபோது அந்தத் துணி அங்கே இல்லை. அது மாதவிலக்குக் கறைதான் என்று தமக்குத் தாமே முடிவு செய்துகொண்ட உள்ளூர்க் காவல்துறை, ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் மானக்கேடு, இரண்டுக்கும் பயந்து அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. லண்டனிலிருந்து வந்த விச்சரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ஊரைவிட்டுப் போய்ப் பல மாதங்களுக்குப் பிறகு, அவ்வாண்டின் இறுதியில்தான் அது வெளியே வந்தது. அந்த உள்ளாடைக்கும் கொலைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்பது வேறு விஷயம். விசாரிக்க வந்தவரிடம் அதை மறைத்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். இல்லாத அங்கியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர் கேலிப்பொருள் ஆனார்.

அந்தக் கேலி எந்த அளவுக்குப் போனது என்பதை ஒன்றரை மணி நேரப் படத்தில் முழுமையாகக் காட்டிவிட இயலாது என்றுதான் நினைக்கிறேன். 1855இல் பத்திரிகை முத்திரை வரி நீக்கப்பட்ட பின் நாளிதழ்கள் மலிந்திருந்த காலம் அது. நாடெங்கும் மக்கள் ஆளுக்கொரு குற்றவாளியைக் கண்டுபிடித்து ஸ்காட்லாந்து யார்டுக்குக் கடிதம் எழுதினார்கள். பெரும்பாலோருக்குப் பிடித்தமான கதை, சாமுவேல் கென்டுக்கும் ஆயாவுக்கும் கள்ள உறவு இருந்தது, குழந்தை விழித்துக்கொண்டதால் கொல்லப்பட்டது என்பது. சார்லஸ் டிக்கன்ஸும் இதையே நம்பினார். நாவலாசிரியர் வில்கி காலின்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லியும் இருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் விச்சரைத் தம் பத்திரிகை அலுவலகத்துக்கே வரவழைத்து, பெயரை ‘விட்செம்’ என்று சற்றே மாற்றி, மனத்துக்குள் ஏதோ பெரிய கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்போல ஒதுங்கிய தோற்றம் உடையவர் என்று வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தி வியந்தவர் அதே டிக்கன்ஸ்தான். கன்சிடைனின் நடிப்பை நீங்கள் பாராட்டியிருந்தீர்கள். அவர் அந்த வேடத்தில் எவரையும் அதட்டுவதில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பிறகும் சற்று நேரம் காத்திருக்கிறார். டிக்கன்ஸின் அந்த வருணனைக்கு இதைவிடப் பொருத்தமாக உருக்கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விச்சர் 1864இல், ஐம்பது வயது நிரம்புவதற்குள், மூளையில் ரத்தத் தேக்கம் என்ற மருத்துவக் காரணத்தின்பேரில் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே கான்ஸ்டன்ஸ் ஒப்புக்கொண்டாள். அவளைப் பரிசோதித்த மருத்துவர் பக்னில், அவளுடைய ஒப்புதலுடன் செய்தித்தாள்களுக்கு எழுதிய கடிதத்தில், துணிக்கூடையிலிருந்து அங்கியைத் திரும்ப எடுத்த செய்தியும் இருந்தது. தம்ளர் தண்ணீர் உட்பட, விச்சர் ஊகித்தபடியே. மண்டபத்தில் எட்லினைக் கேட்டுப் பூரித்தவர்களில் எத்தனைபேர் அந்தச் செய்தித்தாளைப் படித்தார்களோ. நாவலாசிரியர்கள் மட்டும் படித்தார்கள்: 1868இல் வந்த வில்கி காலின்ஸின் ‘த மூன்ஸ்டோன்’ நாவலில், சார்ஜன்ட் கஃப் என்ற துப்பறிவாளர் சலவைக் கணக்கைப் புரட்டிப் பார்த்துத் தேடுவது, கறைபட்டுக் காணாமற்போன ஓர் இரவு அங்கியைத்தான். காலின்ஸ் ரத்தத்தைச் சாயமாக மாற்றிக்கொண்டார், அவ்வளவே.

ஒப்புதல் வாக்குமூலம் வந்த பிறகு துப்பறியும் கதைக்கு என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். நிறையவே மிச்சம் இருக்கிறது. தந்தையின் சவரக்கத்தியால் செய்ததாகக் கான்ஸ்டன்ஸ் சொன்னாள். குழந்தையின் மார்பில் இருந்த குத்துக்காயத்தைச் சவரக்கத்தியால் உண்டாக்க முடியாது என்று மருத்துவர்கள் கருதினார்கள். உறங்கும் குழந்தையைக் கட்டிலிலிருந்து எடுத்து, கம்பளியை உருவி, படுக்கையை ஒழுங்குபடுத்தி, சன்னலைத் திறந்து, அவ்வளவையும் ஆயா விழிக்காமல் ஒருத்தி மட்டும் செய்தாளா? விச்சர் தொடக்கத்திலிருந்தே தம்பி வில்லியமின்மேலும் ஐயம் கொண்டிருந்தார். அக்காள் முழுப் பழியையும் தன்மேல் ஏற்றுக்கொண்டதால் அவன்மீது எந்த நிழலும் விழாமல் போயிற்று. வில்லியம் சாவில்-கென்ட் பின்னாளில் கடல்வாழ் உயிரினங்களை ஆய்ந்து, ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைப் பற்றி 1893இல் ஒளிப்படங்களுடன் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் உடந்தையாக இருந்தார் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை, ஆகவே நானும் அதற்கு மேல் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒப்புதல் வந்ததும் அரசாங்கமும் பத்திரிகைகளும் வழக்கை மூடிவிட்டன. விச்சருடைய பழைய அறிக்கைகளைப் படித்தால் அந்த வழக்கு மூடப்படாமலே கிடக்கிறது.

இனி, மீதி மூன்று படங்கள். 2013இல் ஒன்றும் 2014இல் இரண்டும் வந்தன. அவற்றின் கதைகள் முழுக்கக் கற்பனை. காவல்துறையை விட்டு விலகிய விச்சர் தனியார் துப்பறிவாளராக வழக்குகளை எடுத்துத் தீர்க்கிறார். தயாரிப்பில் கவனம் குறையவில்லை, கன்சிடைனும் அதே அடக்கத்தோடுதான் நடிக்கிறார். ஆனால் முதற்படத்தின் பலம், சரியாகக் கண்டவர் தோற்றுப்போனார் என்பது. அவரை மறுபடி மறுபடி வெற்றிபெற வைத்ததும் வழக்கமான விக்டோரியா காலத் துப்பறிவாளர் ஒருவர் நமக்குக் கிடைக்கிறார். அப்படிப்பட்டவர்கள் தொலைக்காட்சியில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். நீங்கள் எதிர்பார்த்து ஏமாந்த படம் உண்மையில் இவைதான் என்பதால், உங்கள் குடும்பத்தாருக்கு இவை பிடிக்கவும் கூடும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஓய்வுக்குப் பிந்தைய விச்சரைப் பற்றிப் படமெடுக்கக் கற்பனைக்குப் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. கடலில் மூழ்கிப்போனதாகக் கருதப்பட்ட டிச்போர்ன் குடும்பத்து வாரிசு நானே என்று சொல்லிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் வந்தபோது, அந்தக் குடும்பத்தினருக்காக அவரைப் பின்தொடர்ந்து விசாரித்தவர்களில் விச்சர் ஒருவர். 1866 கிறிஸ்துமஸ் இரவில், லண்டனில் வந்து இறங்கிய அந்த மனிதர் முதல் வேலையாக வாப்பிங் என்ற துறைமுகப் பகுதிக்குப் போய், ஆர்ட்டன் என்ற கசாப்புக்காரக் குடும்பத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார் என்பதை விச்சர் அந்தப் பகுதி மக்களிடம் பேசிப் பேசியே வெளிக்கொணர்ந்தார். டிச்போர்ன் பிரபுவுக்கு வாப்பிங்கில் என்ன வேலை? வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1874இல் அந்த மனிதருக்குப் பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்காகப் பதினான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இந்த முறையும் விச்சர் நம்பியது எளிய மனிதர்களின் நினைவாற்றலை. இந்த முறை நீதிமன்றமும் கேட்டுக்கொண்டது. இதை விட்டுவிட்டு ஏன் புதுக் கொலைகளைத் தேடிப் போனார்களோ தெரியவில்லை. கொலை இல்லாவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு ஆள் சேராது என்ற கணக்காகத்தான் இருக்கும்.

மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 2013இல் வந்த ‘த மர்டர் இன் ஏஞ்சல் லேன்’ படத்தைப் பாருங்கள். அதில் நடிகை ஒலிவியா கோல்மன் இருக்கிறார். மற்ற இரண்டையும் பார்க்காவிட்டால் பெரிய நட்டமில்லை. அதைவிட, முடிந்தால் முதற்படத்தையே உங்கள் மாமனாருடன் இன்னொரு முறை பாருங்கள். சாரா காக்ஸும் சலவைக்காரியும் சொன்னவற்றை இரண்டு சாட்சிகளின் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு கேட்டால் அவர் அப்போதும் விடுவிப்பேன் என்றுதான் சொல்வாரா என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவல். அவர் சொல்வதை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.